மூன்றாம் வளைவில் மழை

முப்பத்தெட்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
மஞ்சள் கொடி, பிறகு சிவப்பு.
கார்கள் ஒவ்வொன்றாய்ப் போர்வைக்குள் போக
கோய் டீகின் வண்டிக்குப் பின்னால்
நீலத் தார்ப்பாயைக் கட்டி, நாலு நாற்காலி போட்டு
வேகவைத்த கடலை உரிக்க உட்கார்ந்தோம்.

கரோலைனா மலையடிவாரத்தில்
மழை வந்தால் இன்னொன்று தொடங்கும்.
அப்போதெல்லாம் பந்தயம் நின்றுபோனால்
உள்ளூர்ச் சேனல்காரன் நேரத்தை ரொப்ப
அந்தச் சலவைக்கடை நாடகத்தைப் போடுவான்.
கறுப்பு வெள்ளை. அக்கா தங்கை. ஒரு இஸ்திரிப்பெட்டி.
யார் சட்டை யாருக்குப் போனது,
ஆறு வருடமும் அதே கதைதான்.
மேகம் கறுத்தாலே
எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மேயரின் கால்சட்டையில் காதல் கடிதம்,
அது எத்தனையாவது பகுதி?"
நடீன்தான் எடுத்துக் கொடுத்தாள்.
"இருபத்தாறு."
"இருபத்தேழு. இருபத்தாறில் பாதிரியாரின் அங்கி சுருங்கிப்போகும்."
"பந்தயம்?"
"பந்தயம். பத்து டாலர்."

கோய் பதினோரு வருடம்
எழுபத்தொன்றாம் எண் காரை ஓட்டியவன்.
ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.
ஒன்பதாவதாய் வந்த நாளை மட்டும்
டயரின் காற்று, வெயிலின் சூடு,
முன்னால் போனவனின் பம்பரில் இருந்த கீறல்
எல்லாவற்றோடும் சொல்வான்.
சலவைக்கடைக்கும் அதே கணக்கு வைத்திருப்பான்:
தங்கைக்காரி எங்கே கம்மல் மாற்றினாள்,
எத்தனை பகுதிகளில் சுவர்க்கடிகாரம்
நாலேகாலிலேயே நின்றிருந்தது.

வெர்லன் ஸ்டேமி மட்டும் நாடகத்தைப் பார்ப்பதில்லை.
கேட்பான்.
அவன் அம்மா, அறுபத்திரண்டில்
தேவாலயத்துப் பெண்களோடு பஸ்ஸேறிக் கலிஃபோர்னியா போனவள்.
படப்பிடிப்பு அரங்கில் மூன்றாம் வரிசை.
கடிக்கிற புதுச் செருப்பு.
நாற்பத்தோராம் பகுதியில்
அழுக்குத்துணிக் குவியலிலிருந்து நாய் எழுந்துவரும்.
எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு
ஒரே ஒரு சிரிப்பு தாமதமாய்
விக்கல்போல் இரண்டு இழுப்பு,
கொஞ்சம் சும்மா இருந்து,
படி தடுக்கினாற்போல இன்னொன்று.
"அது எங்கம்மா."
அவள் போய்ப் பத்தொன்பது வருடம்.

இன்றைக்கு, மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டபடி
நடீன் சொல்லியே விட்டாள்:
"அந்தச் சிரிப்பு ஐம்பத்திரண்டிலும் வருது, வெர்லன்.
அறுபதிலும்.
டேப்பில் பிடித்து வைத்து
வேண்டிய இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்."

தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தொப்பை போட்டிருந்தது.
கோய் துடைப்பக்கட்டையால் அதை முட்டினான்,
தேவைக்கு மேலேயே பலமாய்.
வேறு யாருடையதாகவும் இருக்கலாமே
என்று நான் வாயெடுத்து,
அதற்குள் ஒரு கடலையைப் போட்டுக்கொண்டேன்.

வெர்லன் டயர்ச்சுவரையே பார்த்திருந்தான். பிறகு:
"அப்படியானால்
ஒரு பஸ் டிக்கெட்டுக்கு
ஆறு வருடம் சிரித்திருக்கிறாள்.
கல்லுளிமங்கி.
வீட்டில் இத்தனை சிரித்ததில்லை."

நாலரைக்கு மழை விட்டது.
வெந்நீர்ப்பானைபோல் ஊதும் லாரிகள்
மூன்றாம் வளைவை ஐம்பது தரம் சுற்றி வந்து
கறுப்பைச் சாம்பலாக்கின.
இன்னும் நூற்றுப்பன்னிரண்டு சுற்று.
போர்வைகள் விலகின.
இருபத்தேழு எஞ்சின்கள் ஒன்றாய்க் கனைக்க
நாற்காலியின் கால்வழியே ஏறி
பல்லில் வந்து நின்றது அந்த அதிர்வு.

கோய் ஏதோ சொன்னான்.
மேயர், கால்சட்டை, பத்து டாலர்;
உதட்டில் அவ்வளவுதான் படிக்க முடிந்தது.
நடீன் தலையைப் பின்னால் சாய்த்தாள்.
நானும் சிரித்தேன்,
என் சத்தம் எனக்கே கேட்காமல்.

நாங்கள் ஓய்ந்த பிறகு
வெர்லனின் தோள்
இரண்டு தடவை குலுங்கிற்று.
கொஞ்சம் சும்மா இருந்தது.
இன்னொரு தடவை.